சிறுநீர்ப்பை மாத்திரையும் அம்மாவின் மறதியும்

வாசகியின் கடிதம்:

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 73 வயது. பல ஆண்டுகளாக நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் எம்பாக்ளிஃப்ளோஸின் என்ற நீரிழிவு மாத்திரையும் சேர்க்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிடும் நிலை வந்ததால் வெளியே போவதையே அவர் விட்டுவிட்டார். அப்போது ஆக்ஸிபியூட்டினின் என்ற சிறுநீர்ப்பை மாத்திரையை, 5 மில்லிகிராம் அளவில், நாளுக்கு மூன்று வேளை எழுதிக்கொடுத்தார்கள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தனியாக எம்ஆர்டி ரயில் ஏறித் தேக்கா பக்கம் கோயிலுக்குப் போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால், கடந்த சில மாதங்களாக ஏதோ சரியில்லை. வாசலில் கோலம் போடும்போது புள்ளி வரிசையைப் பாதியில் மறந்து மீண்டும் முதலிலிருந்து எண்ணுகிறார். காலையில் கேட்டதையே மதியமும் கேட்கிறார். அம்மாவிடம் சொன்னால், “எனக்கு ஒன்றுமில்லை” என்று கோபிக்கிறார். அரிப்புக்கு இரவில் பிரிட்டானும், அக்கி வந்துபோன இடத்தில் நிற்கும் வலிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் எடுக்கிறார். சிறுநீர்ப்பை மாத்திரை மூளையைப் பாதிக்கும் என்று யாரோ சொன்னார்கள். இது மறதிநோயின் (டிமென்ஷியா) தொடக்கமா, மாத்திரையின் வேலையா? நானே நிறுத்திவிடலாமா? பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டால் அவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடாதா?

மருந்தாளுநரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் மூளையின் நினைவாற்றலை மந்தமாக்கக்கூடிய மருந்துகள் ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன. அம்மாவின் மறதிக்கு அவைதாம் காரணம் என்று கடிதத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், மறதிநோய் என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால் முதலில் ஆராய்ந்து பார்க்கவேண்டியது இந்த மருந்துகளைத்தான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்; அதற்காக மூன்று மாதங்கள் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே பலதுறை மருந்தகத்தைத் தொடர்புகொண்டு, மருந்தின் பக்கவிளைவாக நினைவுத் தடுமாற்றம் இருக்கலாம் என்று ஐயப்படுவதாகச் சொல்லிச் சந்திப்பை முன்னதாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.

சிறுநீர்ப்பை மாத்திரையான ஆக்ஸிபியூட்டினின் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். சிறுநீர்ப்பையின் சுவரில் இருக்கும் தசை சுருங்கவேண்டுமானால், நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையில் அதைப் பெற்றுக்கொள்ளும் மஸ்கரினிக் ஏற்பிகளில் போய்ச் சேரவேண்டும். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற கோளாறில், பை நிறைவதற்கு முன்பே அந்தத் தசை தானாகச் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது. ஆக்ஸிபியூட்டினின் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொண்டு, தசையை அமைதிப்படுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், அதே அசிட்டைல்கோலைன்தான் வாயில் எச்சிலைச் சுரக்க வைக்கிறது, குடலை அசைக்கிறது, மூளையில் புதிய செய்திகளைப் பதியவைத்துப் பிறகு மீட்டெடுக்கவும் உதவுகிறது. நினைவுக்கு அடிப்படையான மூளைப் பகுதிகளில் எம்1 என்ற வகை ஏற்பிகள் நிறைய உள்ளன. சிறுநீர்ப்பையின் சுருக்கத்துக்கு முக்கியமாக வேண்டியது எம்3 வகை. ஆக்ஸிபியூட்டினின் இரண்டையுமே அடைக்கும்.

ரத்தத்தில் ஓடும் எல்லா மருந்தும் மூளைக்குள் நுழைந்துவிடுவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் இயற்கையாகவே ஒரு தடுப்பு இருக்கிறது. ஆக்ஸிபியூட்டினினின் மூலக்கூறு சிறியது, கொழுப்பில் எளிதில் கரைவது. ஆகவே அந்தத் தடுப்பை அது சுலபமாகக் கடந்துவிடுகிறது. வயது ஏற ஏற மூளையில் அசிட்டைல்கோலைனின் இருப்பும் குறைகிறது, மருந்தை வெளியேற்றும் கல்லீரல், சிறுநீரகங்களின் வேகமும் குறைகிறது. நாற்பது வயதுக்காரர் சிக்கலின்றித் தாங்கும் அளவு 73 வயதில் அதிகமாகிவிடுவது இதனால்தான். என் கருத்தைக் கேட்டால், 65 வயதைக் கடந்த ஒருவருக்கு, அதிலும் ஏற்கெனவே பல மருந்துகளை எடுத்துக்கொள்பவருக்கு, நாளுக்கு மூன்று வேளை ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை முதல் தேர்வாக இருக்கக்கூடாது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து அது; விலை குறைவு, நன்றாகவும் வேலை செய்யும். இன்னமும் பரவலாகப் புழங்குவதற்கு அவையே காரணம்.

“எனக்கு ஒன்றுமில்லை” என்று அம்மா கோபித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மறைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 60 வயதைக் கடந்த, உடல்நலமுள்ள 150 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நீண்ட நேரம் செயல்படும் ஆக்ஸிபியூட்டினினையும், இன்னொரு பிரிவினருக்கு டாரிஃபெனசின் என்ற மருந்தையும், மூன்றாவது பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் மூன்று வாரங்களுக்குக் கொடுத்தார்கள். முகங்களைக் காட்டி, அவற்றுக்குரிய பெயர்களைச் சிறிது நேரம் கழித்து நினைவுகூரச் சொல்வது சோதனைகளில் ஒன்று. ஆக்ஸிபியூட்டினின் எடுத்தவர்களின் நினைவு தெளிவாகக் குறைந்தது. மூளைக்குப் பத்து வயது கூடியதற்கு ஒப்பான சரிவு அது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். டாரிஃபெனசின் எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களிடமிருந்து வேறுபடவில்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதே ஆய்வின் மற்றொரு முடிவு: தங்கள் நினைவாற்றலை அவர்களையே மதிப்பிடச் சொன்னபோது, மூன்று பிரிவினரின் பதில்களிலும் வேறுபாடு இல்லை. நினைவு குறைந்தவர்களுக்கு அது குறைந்தது தெரியவில்லை.

எனவே, மருத்துவர் அம்மாவைப் பார்த்து “மறதி ஏதாவது இருக்கிறதா” என்று கேட்டால், “இல்லை” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இருக்காது. கோலப்புள்ளி வரிசை தவறியதைக் கண்டது நீங்கள். அத்தகைய செய்திகள்தாம் மருத்துவருக்குத் தேவை. எந்த மாதத்திலிருந்து, எந்தெந்தச் செயல்களில், எவ்வளவு அடிக்கடி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மா இப்போதும் பிழையின்றிச் செய்யும் வேலைகளையும் அதில் சேருங்கள். தனியாக எம்ஆர்டியில் போய்த் திரும்பி வருகிறார், வழி தவறவில்லை என்றால் அது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல்.

நீண்டகாலத்தில் இந்த மருந்துகள் மறதிநோயையே உண்டாக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் இவ்வளவு நேரடியானதல்ல. அமெரிக்காவின் சியாட்டல் வட்டாரத்தில், 65 வயதைக் கடந்த, தொடக்கத்தில் மறதிநோய் இல்லாத 3,434 பேரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. அசிட்டைல்கோலைனைத் தடுக்கும் மருந்துகளை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு, அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு நாள் தவறாமல் எடுத்ததற்குச் சமமான அளவைக் கடந்தவர்களுக்கு, அவற்றை எடுக்காதவர்களைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு 54 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தில் 55 வயதைக் கடந்த, மறதிநோய் கண்ட 58,769 பேரை, அந்த நோய் இல்லாத இரண்டேகால் லட்சம் பேருடன் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டின் ஆய்விலும், சிறுநீர்ப்பைக்கான இவ்வகை மருந்துகளை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் அத்தகைய தொடர்பு தென்பட்டது.

தொடர்பு இருப்பதாலேயே மருந்துதான் காரணம் என்று ஆகிவிடாது. மறதிநோய் வெளிப்படையாகத் தெரிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சிலருக்குச் சிறுநீரை அடக்குவதில் சிரமம் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் நோயின் ஆரம்ப அறிகுறிக்காகவே அந்த மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். மருத்துவ உலகம் எடுத்திருக்கும் நிலைப்பாடு எச்சரிக்கையானது: முதியவர்களுக்கு இம்மருந்துகளைக் கூடியவரை தவிர்க்கவேண்டும், தவிர்க்க முடியாதபோது குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுக்கவேண்டும். முதியோருக்கு ஆகாத மருந்துகளைத் தொகுத்து அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்டுவரும் பியர்ஸ் பட்டியல், இவ்வகையைச் சேர்ந்த ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ஒரே காலத்தில் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது.

உங்கள் அம்மாவின் நிலைமை சரியாக அதுதான். பிரிட்டானில் இருப்பது குளோர்ஃபெனிரமைன். அரிப்பையும் மூக்கொழுகலையும் நிறுத்தும் அந்தப் பழைய மருந்தும், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலினும் அசிட்டைல்கோலைனைத் தடுப்பவையே. குழம்பில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டுப் போனால் எப்படியோ, அப்படித்தான் இதுவும் நடக்கிறது: ஒருவர் தோலைப் பார்த்தார், ஒருவர் வலியைப் பார்த்தார், ஒருவர் சிறுநீர்ப்பையைப் பார்த்தார், ஒவ்வொருவர் கொடுத்த அளவும் அதனளவில் முறையானதே. இந்தக் கூட்டுச் சுமையை மதிப்பிடுவதற்கென்றே மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் பயன்படுத்தும் அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் பரவலாகப் பயன்படும் ஒன்றில் மூன்று புள்ளிகளைத் தொட்டாலே கவனிக்கவேண்டும் என்பது வழக்கம். உங்கள் அம்மா எடுக்கும் இந்த மூன்று மருந்துகளுக்கும் அதில் தனித்தனியே மூன்று புள்ளிகள், கூட்டினால் ஒன்பது.

வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருமல் மருந்துகள் சிலவற்றில் டைஃபென்ஹைட்ரமைன் இருக்கும். முதுகுவலிக்கும் தசைப்பிடிப்புக்கும் சிங்கப்பூரில் அடிக்கடி தரப்படும் அனாரெக்ஸ் மாத்திரையில் பாரசிட்டமாலோடு ஆர்ஃபெனட்ரின் கலந்திருக்கிறது. வெறும் வலி மாத்திரை என்று நினைத்து அதை விழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம். இவை இரண்டும் இதே வகையைச் சேர்ந்தவை. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்து தரும் சளி, இருமல் மாத்திரைகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் அட்டையோடும் பாட்டிலோடும் ஒரே பையில் போட்டுச் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பட்டியல் எழுதிக் கொண்டுபோவதைவிட அது நல்லது. பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் கடையில் தாமாக வாங்கிய மருந்துதான்.

அம்மா மாத்திரைகளை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் இரண்டு மூன்று நாள்கள் அருகிலிருந்து கவனியுங்கள். மறதி உள்ளவர் காலையில் போட்ட மாத்திரையை மறந்துவிட்டு மீண்டும் போடுவது அரிதல்ல. கிழமையும் வேளையும் குறித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு வாரத்துக்கு நீங்களே நிரப்பி வையுங்கள். அப்படிச் செய்த பிறகு தெளிவு கூடினால், இரட்டிப்பு அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது என்று கருத இடமுண்டு.

மறதிக்கு மருந்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். மெட்ஃபார்மினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் நினைவைப் பாதிக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்கக் குறைவு, ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோதல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார்.

இனி, சிறுநீர்ப்பைக்கு வருவோம். மறதிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பழையபடி வீட்டுக்குள் அடைத்துவிடுவது தீர்வாகாது. நான்கு பேரைப் பார்க்காமல், கோயிலுக்குப் போகாமல், ஈரத்துக்கும் வாடைக்கும் அஞ்சி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதும் முதியவரின் மனத்தையும் மூளையையும் வாட்டும்; இரவில் அவசரமாகக் கழிவறைக்கு ஓடி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களின் துன்பத்தைச் சொல்லி மாளாது. ஆகவே, மருத்துவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது மாத்திரையை நிறுத்துவது பற்றி மட்டுமல்ல, அதன் இடத்தில் எதை வைப்பது என்பதையும்தான்.

அதற்கு ஓர் ஆதாரத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். மூன்று நாள்களுக்கு, அம்மா குடிப்பது எவ்வளவு, எத்தனை மணிக்குச் சிறுநீர் கழிக்கிறார், ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிலிட்டர், எப்போது கசிந்தது என்று குறித்துவையுங்கள். அளவு கோடுகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிவறையில் இதற்காகவே வைத்துவிடுங்கள். அடிக்கடி போகிறார், ஒவ்வொரு முறையும் நூறு மில்லிலிட்டர்போலக் கொஞ்சம்தான் வருகிறது என்றால், பை அவசரப்படுகிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் 300, 400 என்று நிறைய வருகிறதென்றால், உடம்பில் சிறுநீரே அதிகமாக உற்பத்தியாகிறது. அதற்கு ஆக்ஸிபியூட்டினின் சரியான மருந்தே அல்ல.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எம்பாக்ளிஃப்ளோஸின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து. சர்க்கரை போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அது தொடங்கிய ஓராண்டில் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொல்லை வந்திருக்கிறது என்பது உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயென்று கருதி இன்னொரு மருந்து சேர்க்கப்படுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எம்பாக்ளிஃப்ளோஸின் மிகவும் நன்மை செய்வதால், அதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது. அம்லோடிபினால் சிலருக்குக் காலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தவுடன் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, இரவில் பலமுறை எழுப்பும். அம்மாவின் கணுக்காலில் மாலை நேரத்தில் விரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருந்தில்லாத பயிற்சியைப் பலர் ஆறுதலுக்குச் சொல்லும் யோசனையாக நினைத்துவிடுகிறார்கள். 55 வயது முதல் 92 வயது வரையிலான 197 பெண்களிடம் நடத்தி 1998ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், முறையான பயிற்சி பெற்றவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய 81 விழுக்காடு குறைந்தது. ஆக்ஸிபியூட்டினின் எடுத்தவர்களுக்கு 69 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 39 விழுக்காடு. இதே மருந்தைப் பயிற்சி விஞ்சியது என்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கும்?

பயிற்சியின் சாரம் இதுதான். அவசரம் வந்தவுடன் கழிவறையை நோக்கி ஓடக்கூடாது. ஓடும்போது வயிற்றில் அழுத்தம் கூடி, கசிவு நிச்சயமாகிவிடும். நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், அல்லது அருகில் உள்ள நாற்காலியில் உட்காரவேண்டும். வாயுவை அடக்குவதற்கு ஆசனவாய்த் தசையை எப்படி உள்ளே இழுப்போமோ, அதுபோல இடுப்புத்தளத் தசைகளை விரைவாக ஐந்தாறு முறை இறுக்கித் தளர்த்தவேண்டும். வயிறும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சையும் பிடிக்கக்கூடாது. சில நொடிகளில் பையின் சுருக்கம் தணிந்து, முட்டல் இறங்கும். அது இறங்கிய பிறகு சாதாரண நடையில் கழிவறைக்குப் போகலாம். மின்தூக்கியிலிருந்து இறங்கி, வீட்டுக் கதவில் சாவியைப் போடும் நேரத்தில் அடக்க முடியாமல் போவதாக இத்தொல்லை உள்ள பலர் சொல்வார்கள். கதவுக்கு முன்னால் அரை நிமிடம் நின்று இதைச் செய்துவிட்டுப் பிறகு சாவியை எடுக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள, சிறுநீர்க் கட்டுப்பாட்டில் தனிப்பயிற்சி பெற்ற தாதியிடமோ இயன்மருத்துவரிடமோ (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பும்படி மருத்துவரைக் கேட்கலாம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கான சிகிச்சை கிடைக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். மறதி லேசாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது, ஏனென்றால் பயிற்சியை நினைவில் வைத்துச் செய்யவேண்டியவர் அம்மா.

தேநீரையும் கோப்பியையும் காலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பயத்தில் தண்ணீரைக் குறைப்பது பெரும் தவறு: நம் ஊர் வெப்பத்தில் உடல் வறண்டு, சிறுநீர் அடர்த்தியாகிப் பையை மேலும் எரிச்சலூட்டும், மலமும் இறுகும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். ஆக்ஸிபியூட்டினினே மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால், இது ஒரு சுழலாகவே ஆகிவிடுவதுண்டு.

இத்தனைக்குப் பிறகும் மருந்து வேண்டியிருந்தால், மூளைக்குப் பாதுகாப்பான தேர்வுகள் இருக்கின்றன. மிராபெக்ரான் முற்றிலும் வேறு வழியில் வேலை செய்கிறது. அசிட்டைல்கோலைனைத் தொடாமல், பீட்டா-3 ஏற்பிகளைத் தூண்டிப் பையைத் தளர்த்துகிறது. 2011ஆம் ஆண்டில் ஜப்பானிலும் அதற்கடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. என் மதிப்பீட்டில், உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு மருத்துவர் முதலில் கருதவேண்டியது அதைத்தான். ஆனால் அது ரத்த அழுத்தத்தைச் சிறிது ஏற்றக்கூடும். அழுத்தம் 180/110ஐத் தொடும் அளவுக்குக் கட்டுப்பாடின்றி இருப்பவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டியிருக்கும். வீட்டில் அழுத்தக் கருவி இருந்தால் ஒரு வாரத்துக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். முழுப் பலன் தெரிய எட்டு வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், பத்து நாளில் “கேட்கவில்லை” என்று விட்டுவிடக்கூடாது. மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. விலை ஆக்ஸிபியூட்டினினைவிடக் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு எந்த மானியம் பொருந்தும் என்று மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய வகையிலேயே தொடரவேண்டுமென்றாலும், எல்லாம் ஒன்றல்ல. ட்ரோஸ்பியத்தின் மூலக்கூறு மின்னேற்றம் கொண்டது, கொழுப்பில் கரையாதது. அதனால் மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. டாரிஃபெனசின், ஃபெசோடெரோடின் ஆகியவற்றை மூளையின் தடுப்பில் உள்ள ஒரு புரதம் வெளியே தள்ளிவிடுகிறது. மருந்தே ஒத்துவராதவர்களுக்கு, கணுக்கால் அருகே மெல்லிய ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சையும், சிறுநீர்ப்பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடுவதும் சிறப்பு மருத்துவர்களிடம் உண்டு.

மற்ற இரண்டு மருந்துகளில், பிரிட்டானை மாற்றுவதுதான் எளிது. மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் போன்றவை பொருந்துமா என்று அருகில் உள்ள மருந்துக் கடையின் மருந்தாளுநரிடம் நாளைக்கே கேட்கலாம். அரிப்புக்குக் காரணம் வெறும் தோல் வறட்சியென்றால், குளித்தவுடன் பூசும் ஈரப்பதக் களிம்பே போதும். அமிட்ரிப்டிலினை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் கெடும், வலி திரும்பும், உடல் படபடக்கும். அதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். எதை முதலில் மாற்றுவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது நன்மை செய்தது, எது தொல்லை கொடுத்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

ஓரிரு நாள்களுக்குள் திடீரென்று குழப்பம் வந்து, ஆளையோ இடத்தையோ தெரியாமல் போனாலோ, இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்னாலோ, காய்ச்சலோடு தடுமாறினாலோ, அடிவயிறு உப்பிச் சிறுநீரே போகாமல் நின்றுவிட்டாலோ, சந்திப்புக்காகக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

மருத்துவரிடம் கேட்பது குறை சொல்வதாகுமா என்ற உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் குடும்பங்களில் வெள்ளைக் கோட்டுக்கு முன் கேள்வி கேட்பதை இன்றும் மரியாதைக் குறைவாக எண்ணுகிறார்கள். நீங்கள் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: “டாக்டர், இந்த மாத்திரை அம்மாவுக்கு நன்றாகவே உதவியது. ஆனால் சில மாதங்களாக இன்னின்ன மாற்றங்களைப் பார்க்கிறேன், எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அமிட்ரிப்டிலினும் பிரிட்டானும்கூட எடுக்கிறார். மூன்றும் சேர்ந்து நினைவைப் பாதிக்குமா? சிறுநீர்ப்பைக்கு வேறு வழி உண்டா?” எந்த நல்ல மருத்துவரும் இதைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார். பிரிட்டானைப் பற்றி அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் இருந்திருக்கலாம். மாற்றத்துக்கு முன்னால் ஒரு சிறு நினைவாற்றல் சோதனை செய்து, மாற்றிய இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு அதையே மீண்டும் செய்து ஒப்பிட முடியுமா என்றும் கேளுங்கள். மருந்தின் மந்தம் சில வாரங்களில் விலகக்கூடியது. அப்போதும் மறதி நீடித்தால், நினைவாற்றல் மருந்தகத்துக்கு (மெமரி கிளினிக்) அனுப்பும்படி கேட்பதே அடுத்த படி.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவருக்குத் தெரியாமல் மாத்திரையை மாற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன். “உனக்கு மறதி வந்துவிட்டது” என்று தொடங்கினால் மீண்டும் கோபம்தான் வரும். வாய் வறண்டுபோகிறதா, மலம் கழிப்பது சிரமமா, கண் மங்குகிறதா என்று முதலில் கேளுங்கள். அவையும் இதே மருந்தின் விளைவுகள் என்பதால், பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும், அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமும் இருக்காது. “இந்த மாத்திரையைவிட உங்களுக்கு ஒத்துப்போகும் வேறொன்று இருக்கிறதாம், கேட்டுப் பார்ப்போமா அம்மா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நிற்காது” என்று சொல்லி, குவளையில் அளந்து எழுதும் வேலையை அவர் கையிலேயே கொடுங்கள்.